அப்பாவின் கல்லீரலை ஏன் இரண்டு தடவை அறுக்க வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கரூர் பக்கம் தறி வைத்திருக்கிறார். போன வருடம் பெருங்குடலில் கேன்சர் என்று தெரிந்து, அந்தக் குடல் பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போதே கல்லீரலில் 5 கட்டிகள் இருந்தன: வலப்பக்கம் 3, இடப்பக்கம் 2. ஆறு கீமோவுக்குப் பிறகு எல்லாம் சுருங்கியிருக்கின்றன. பெரியது இப்போது 4.5 செ.மீ. இப்போது டாக்டர், முதலில் இடப்பக்கத்துக் கட்டிகளை மட்டும் எடுப்போம், பிறகு வலப்பக்கம் போகும் ரத்தக்குழாயை அடைப்போம், ஒன்றரை மாதம் கழித்து வலப்பக்கத்தையே எடுத்துவிடுவோம் என்கிறார். ஏன் ஒரே தடவையில் முடிக்கக் கூடாது? இரண்டு பில் போடவா என்று சித்தப்பா கேட்கிறார். பெரியம்மாவோ, கத்தி பட்டால் பரவிவிடும், நாலாவது ஸ்டேஜில் எதற்கு வதைக்கிறீர்கள் என்கிறார். தெரிந்த ஒருவருக்கு ஊசி வழியாகவே சுட்டு எடுத்துவிட்டார்களாம். அப்பாவுக்கும் அப்படிச் செய்ய முடியாதா? தினமும் ஆட்டு ஈரல் கொடுத்தால் கல்லீரல் சீக்கிரம் வளருமா? தை மாதம் என் மகனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தேன். படத்தைப் பார்க்கவில்லை என்பதால் உங்கள் டாக்டரின் முடிவுக்கு மேல் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அதை உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் புரியவைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் பெரியம்மா. நாலாவது ஸ்டேஜ் என்றால் கை விரித்துவிட வேண்டும் என்பது பல கேன்சர்களுக்குப் பெரும்பாலும் உண்மைதான். குடல் கேன்சர் கல்லீரலுக்குப் போவது அதில் ஒரு விதிவிலக்கு. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்ட பிறகுதான் மேலே போகும். அதனால் குடலிலிருந்து கிளம்பும் கேன்சர் செல்கள் முதலில் மாட்டுவது அந்த வடிகட்டியில்தான். சிலருக்கு நோய் அங்கேயே, அந்த ஒரு உறுப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருப்பதை முழுதாக எடுக்க முடிந்தால் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்படி எடுக்க முடிந்தவர்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள், 20 பேர் அளவுக்குப் பத்து வருடத்தையும் தாண்டுகிறார்கள். மீதிப் பேரை மறைக்க விரும்பவில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். திரும்பி வந்தாலும் கல்லீரலிலேயே வந்தால் சிலருக்கு மறுபடியும் எடுக்க முடியும். நானே ஒருவருக்கு மூன்று முறை எடுத்திருக்கிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்பது, நோய் முற்றியபின் வயிற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடிய காலத்தில் பிறந்த பேச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் இறந்தால் பழி கத்திக்குப் போனது. ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் பெரியம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. எடுக்கக்கூடிய கட்டியை ஊசி போட்டு பயாப்சி, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு, எடுத்தால், ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரியும்போது நாங்கள் பயாப்சி எடுப்பதில்லை. உங்கள் அப்பாவுக்கும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது சரியான முடிவு.

இனி சித்தப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான், கோபமே வரவில்லை.

கல்லீரல் ஆபரேஷன் என்றதும் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் ஸ்கேன் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவது அதையல்ல. உள்ளே எவ்வளவு மிஞ்சும், மிஞ்சியதற்கு ரத்தம் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, பித்தம் வடிய ஒரு வழி, இந்த மூன்றும் இருக்குமா என்பதைத்தான். கீமோ போடாத, கொழுப்பு படியாத நல்ல கல்லீரல் என்றால் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே ஆள் பிழைத்துக்கொள்வார். மாதக்கணக்கில் கீமோ போன கல்லீரலுக்கு 30 சதவீதமாவது வேண்டும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிய கல்லீரல் என்றால் 40.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, யாரும் படிக்காத அட்டவணை. மொத்தக் கல்லீரல் 1,320 மில்லி. வலப்பக்கத்தை எடுத்தால் மிஞ்சும் இடப்பக்கம் 304 மில்லி. அதாவது 23 சதவீதம். சிலருக்கு இடப்பக்கம் பிறவியிலேயே சின்னதாக இருக்கும், உங்கள் அப்பாவுக்கு அப்படி. அந்த 23-லிருந்தும் இரண்டு கட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் கிள்ளி எடுக்க வேண்டும். ஆக, ஒரே நாளில் இரண்டு பக்கமும் கை வைத்தால் ஆறு கீமோ தாங்கிய ஒரு கல்லீரலில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் மிஞ்சும். ஆபரேஷன் நன்றாகவே முடியும். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாளில் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, ஆள் தூக்கக் கலக்கத்தில் பேச ஆரம்பிப்பார். மிஞ்சிய கல்லீரல் போதாமல் போனால் அதற்கு மருந்து இல்லை.

அதனால்தான் அந்த அடைப்பு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதி தமனி வழியாக. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் விலா எலும்புக்குக் கீழே ஊசி நுழைத்து, வலப்பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் கிளையை மட்டும் பசை போன்ற பொருளாலோ சின்னச் சின்னத் துகள்களாலோ அடைத்துவிடுவார். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் முழுதும் அடுத்த வயலுக்குப் பாய்வது போல, அந்த ரத்தமெல்லாம் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் பருக்கத் தொடங்கும், வலப்பக்கம் மெல்லச் சுருங்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து அளப்பார்கள். 304 என்பது 400-ஐ, அதாவது 30 சதவீதத்தை, தாண்டியிருந்தால் வலப்பக்கத்தைத் தைரியமாக எடுக்கலாம். இதை 1980-களில் ஜப்பானில் மசாதோஷி மக்கூச்சி என்பவர் பித்தநாளக் கேன்சருக்காகத் தொடங்கினார். இரண்டு பக்கமும் கட்டி இருப்பவர்களுக்கு ஆபரேஷனையே இரண்டாகப் பிரித்துச் செய்யும் முறையை 2000-ல் பிரான்ஸில் ரெனே ஆடமின் குழு எழுதியது. உங்கள் டாக்டர் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

முதல் ஆபரேஷனில் ஏன் இடப்பக்கம் என்று கேட்பீர்கள். அடைப்புக்குப் பிறகு அங்கே ரத்தம் பெருகும். கட்டியை உள்ளே விட்டுவிட்டு ரத்தத்தைப் பெருக்கினால் கட்டியும் சேர்ந்து வளரும். களை எடுத்துவிட்டுத்தானே உரம் போடுவோம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்ட ஆபரேஷனைத் தொடங்குபவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இரண்டாவது கட்டத்துக்கு வந்து சேர்வதில்லை. காத்திருக்கும் வாரங்களில் நோய் வேறெங்காவது தலைகாட்டிவிடும், அல்லது இடப்பக்கம் போதுமான அளவு வளராது. இது கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்தச் சில வாரங்களிலேயே பரவக்கூடிய நோய் என்றால், பெரிய ஆபரேஷன் செய்திருந்தாலும் அவருக்குப் பயன் இருந்திருக்காது.

அந்தக் காத்திருப்பைச் சுருக்க ஒரு முறை வந்தது. 2007-ல் ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க் நகரத்தில் ஹான்ஸ் ஷ்லிட் ஒரு ஆபரேஷனை ஆரம்பித்துவிட்டு, பாதியில் பார்த்தால் மிஞ்சப்போகும் கல்லீரல் ரொம்பச் சின்னது. வேறு வழியின்றி வலப்பக்க போர்ட்டல் கிளையைக் கட்டி, கல்லீரலை இரண்டாகப் பிளந்து, எதையும் வெளியே எடுக்காமல் விட்டுவிட்டார். எட்டாம் நாள் ஸ்கேன் எடுத்தால் இடப்பக்கம் மளமளவென்று வளர்ந்திருந்தது. இப்போது அதற்கு ஆல்ப்ஸ் என்று பெயர். இரண்டு ஆபரேஷனுக்கும் நடுவே பத்து நாள் போதும். ஆனால் 2012-ல் வெளியான முதல் 25 பேர் கணக்கில் 3 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். அதன்பிறகு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பக்குவம் வந்து, நிலைமை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் அடைப்பு முறையிலேயே வளர வாய்ப்புள்ள ஒருவருக்கு நான் அதை முதலில் கையில் எடுக்க மாட்டேன்.

சுட்டு எடுப்பது பற்றி. மைக்ரோவேவ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சுடுவது ஏமாற்று வேலை அல்ல. 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளுக்கு அது ஆபரேஷனுக்கு இணையாக வேலை செய்கிறது என்று நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய கொலிஷன் ஆய்வு காட்டியது. உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கட்டி சின்னதாக இருந்திருக்கும். உங்கள் அப்பாவின் 4.5 செ.மீ. கட்டி, ரிப்போர்ட்படி, வலப்பக்க போர்ட்டல் சிரையின் கழுத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பெரிய குழாய்க்குப் பக்கத்தில் சுட்டால் ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், குழாயை ஒட்டிய செல்கள் பிழைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே பித்தநாளம் வேறு. அது வெந்தால் ஆயுசுக்கும் தொல்லை. அதே காரணத்தால்தான் அந்தக் கட்டியை மட்டும் தோண்டி எடுக்காமல் வலப்பக்கம் முழுவதையும் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் இடப்பக்கத்தில் உள்ள 1.2, 0.8 செ.மீ. கட்டிகளில் ஆழத்தில் இருப்பதை முதல் ஆபரேஷனின்போதே சுடலாமா என்று கேட்டுப் பாருங்கள். சதை மிச்சமாகும். நல்ல கேள்வி அது.

ஆபரேஷன் அறையில் என்ன நடக்கும் என்று அப்பா கேட்டாராம், நீங்கள் பயந்து சொல்லவில்லையாம். சொல்லுங்கள். தறிக்காரருக்கு இது புரியும், நூலும் முடிச்சும்தானே.

ஆட்டு ஈரலை வீட்டில் நறுக்கியிருப்பீர்கள். வழவழவென்று, விரல் வைத்தால் பிய்ந்து வரும். அதில் ஊசி நூல் கோத்து இழுத்துப் பாருங்கள், நூல் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மனிதக் கல்லீரலும் அப்படித்தான், கூடவே அதற்குள் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ரொம்ப காலம் யாரும் கிட்டே போகாததற்கு அதுதான் காரணம். 1957-ல் பிரான்ஸில் க்ளோட் குயினோ, கல்லீரலுக்குள் போகும் குழாய்கள் எப்படிக் கிளை பிரிகின்றன என்று அச்சு எடுத்துப் பார்த்து, அது எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி வரத்து என்று காட்டினார். வெளியே பார்த்தால் ஒரு கோடும் தெரியாது. அந்தப் பகுதிகளின் எல்லைக்குள் வெட்டினால் ரத்தம் குறைவு, மிஞ்சுவதற்கும் சேதம் இல்லை.

வயிற்றைத் திறந்ததும் நாங்கள் முதலில் எடுப்பது கத்தியை அல்ல, ஸ்கேன் கருவியை. சோப்புக் கட்டி அளவு இருக்கும் அதை நேராகக் கல்லீரல் மேல் வைத்துத் தேய்த்து, ஒவ்வொரு கட்டியையும் குழாயையும் தேடுவோம். வெளி ஸ்கேனில் தெரியாத ஆறாவது கட்டி அப்போது கண்ணில் படுவதும் உண்டு. பிறகு கல்லீரலுக்கு ரத்தம் வரும் தண்டைச் சுற்றி ஒரு நாடா. 1908-ல் கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்பவர் அடிபட்ட கல்லீரல்களின் ரத்தப்போக்கை அந்தத் தண்டை நசுக்கிப் பிடித்து நிறுத்த முயன்றார். இன்றும் அதே வித்தைதான். 15 நிமிடம் இறுக்கிப் பிடிப்போம், 5 நிமிடம் விடுவோம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து "சார், பதினஞ்சு" என்பார். விட்டாக வேண்டும். அந்தப் பக்கம் மயக்க மருந்து டாக்டர் சலைனைக் கஞ்சத்தனமாகக் கொடுத்து, சிரைகளின் அழுத்தத்தை இறக்கி வைத்திருப்பார். அவர் தாராளமாகக் கொடுத்தால் கல்லீரல் புடைத்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசியும். என்னைக் கேட்டால் நல்ல கல்லீரல் ஆபரேஷனில் பாதிப் பெருமை அவருக்குப் போக வேண்டும்.

வெட்டுவது என்றாலும் கத்தியால் சரக்கென்று வெட்டுவதில்லை. அதிர்வில் சதையை மட்டும் பொடித்து உறிஞ்சும் ஒரு கருவி உண்டு. மெல்லிய கிளாம்பால் நசுக்கியும் செய்யலாம். சதை உதிர்ந்து போக, குழாய்கள் கம்பி கம்பியாக மிஞ்சி நிற்கும். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு, கிளிப் போட்டு நறுக்கிக்கொண்டே போவோம். கட்டியைச் சுற்றி 1 செ.மீ. நல்ல சதையோடு எடுக்க வேண்டும் என்பது என் ஆசிரியர்கள் காலத்து விதி. இப்போது 1 மி.மீ. சுத்தமாக இருந்தாலே போதும் என்று தெரிந்திருக்கிறது. அந்த வித்தியாசம்தான் உங்கள் அப்பா போன்றவர்களுக்கு இடப்பக்கத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. கடைசியில் வெட்டிய பரப்பின் மேல் வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பார்ப்போம். சிவப்பு பட்டால் கவலை இல்லை, அது நிற்கும். மஞ்சள் பொட்டு தெரிந்தால் எங்கோ பித்தம் கசிகிறது, தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். இடப்பக்கத்தைச் சின்னத் துளைகள் வழியாகச் செய்ய முடிந்தால் வலி குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம்.

ஆபரேஷன் முடிந்த அன்று ஐசியு வாசலில் எல்லோரும் நிற்பார்கள். நான் காத்திருப்பது ஐந்தாம் நாள் ரத்த ரிப்போர்ட்டுக்கு. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு இறங்கி, ரத்தம் உறையும் நேரம் சரியாகி வந்தால் மிஞ்சியது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வெட்டிய இடத்தில் முருங்கை மாதிரி துளிர்க்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எடுத்த வலப்பக்கம் திரும்ப முளைக்காது. இருக்கும் இடப்பக்கம் பெருத்து அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும்.

கீமோ நன்றாகக் கேட்கிறதே, இன்னும் ஆறு போட்டுக் கட்டிகளைக் காணாமலே செய்துவிடலாமே என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். இதற்கு ஒரு பழைய வருத்தத்தைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒருவருக்குக் கீமோவில் கல்லீரல் கட்டிகள் இரண்டு ஸ்கேனில் மறைந்துவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். நானும் அந்த இடங்களை விட்டுவிட்டு, தெரிந்த கட்டியை மட்டும் எடுத்தேன். எட்டு மாதத்தில் விட்ட இடத்திலேயே இரண்டும் திரும்ப முளைத்தன. படத்தில் மறைவது வேறு, செத்துப்போவது வேறு. கீமோ கல்லீரலையும் சும்மா விடாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து அதிகம் போன கல்லீரல் நீலம் பாரித்து, தொட்டாலே ரத்தம் விடும். இரினோடீகன் என்ற மருந்து கொழுப்பு படிய வைத்து மஞ்சளாக்கும். எடுக்கக்கூடிய நிலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். கடைசிக் கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். கீமோவோடு பெவாசிசுமாப் என்ற மருந்தும் போட்டிருந்தால் ஆறு வாரம். இதை டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.

மாற்றுக் கல்லீரல் பற்றி சித்தப்பா ஏதோ படித்தாராம். எந்த வழியிலும் எடுக்கவே முடியாத, ஆனால் கல்லீரலுக்கு வெளியே நோய் இல்லாத சிலருக்கு அது உதவுகிறது. 2024-ல் வந்த டிரான்ஸ்மெட் ஆய்வில் மாற்றுக் கல்லீரலும் கீமோவும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 57 சதவீதம் பேரும், கீமோ மட்டும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேரும் ஐந்து வருடத்தைத் தாண்டினார்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்கு எடுக்க முடியும் என்கிறார்களே. அப்புறம் எதற்கு அந்தப் பேச்சு?

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. இரண்டு ஆபரேஷனுக்கும் நடுவில் வரும் அடைப்புக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இப்போதே விசாரித்து வையுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். வருடத்துக்கு எத்தனை கல்லீரல் ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று எந்த டாக்டரிடமும் கூச்சப்படாமல் கேட்கலாம். கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் கீழாநெல்லியும் கஷாயமும் வேண்டாம். ஆபரேஷன் நேரத்தில் கல்லீரல் ரிப்போர்ட் ஏறினால், காரணம் நோயா கஷாயமா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. மது அறவே கூடாது. காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கட்டும். கேன்சர் என்றதும் வீட்டில் கறி, முட்டையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வளர வேண்டிய கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். தினம் இரண்டு முட்டை, மீனோ கோழியோ, பருப்பு, தயிர்.

காதுகுத்துக்காக ஆபரேஷனைத் தள்ள வேண்டாம், காதுகுத்தைத் தள்ளுங்கள். கீமோ நிறுத்திய பிறகு கிடைக்கும் இடைவெளி சின்னது, அடைப்புக்குப் பிறகு இடப்பக்கம் வளரும் வாரங்களும் எண்ணி வைத்தவை. எல்லாம் திட்டப்படி நடந்தால் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் அப்பா பந்தியில் உட்காரலாம். ஆட்டு ஈரல் தின்றால் கல்லீரல் வளராது. ஆனால் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு என்றால் அவர் இலையில் கொஞ்சம் ஈரல் வறுவல் வைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.